பாட்டு இல்லாத ஆறு கேசட்டுகள்

கொளஞ்சியம்மாளுக்குப் பாட்டு பிடிக்காது. கள்ளக்குறிச்சியில் ரெகார்டிங் சென்டர் வைத்திருந்தவனைக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஊராருக்குப் பாட்டுப் பதிந்து கொடுத்துக்கொண்டிருந்தவளுக்குப் பாட்டு பிடிக்காது என்றால் யார் நம்புவார்கள்? அவளும் அதை வெளியே சொல்லிக்கொண்டதில்லை. துண்டுச் சீட்டில் பாட்டுப் பெயர்களை எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் சிரித்த முகமாகவே வாங்கி வைப்பாள். இசைத்தட்டைத் துடைத்து, முள்ளை இறக்கி, கேசட்டை ஓடவிடுவாள். குரல் வருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் தாளம் மட்டும் ஓடுமே, அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பாடகர் வாயைத் திறந்ததும் அவளுக்கு ஆர்வம் போய்விடும்.

திருநாவலூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அப்பா சின்னக்கண்ணு, நிலக்காரர் ஒருவரின் கிணற்றில் ஆயில் இன்ஜின் ஓட்டினார். பள்ளிக்கூடம் விட்டதும் அவருக்குச் சோறு கொண்டுபோகிற வேலை கொளஞ்சிக்கு. இன்ஜின் ஓடும்போது கொட்டகைச் சுவரில் சாய்ந்து கொள்வாள். அந்தச் சத்தம் முதுகு வழியாக ஏறி மண்டைக்குள் போய், கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லாதது போல ஆகிவிடும். அப்போது அவள் மனசில் பசி, அடி, வசவு எதுவும் இருக்காது. எட்டாவது முடிப்பதற்குள் இன்ஜினைப் பார்க்காமலேயே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். "பெல்ட்டு தளர்ந்துக்கினு வருதுப்பா" என்று வரப்பில் வரும்போதே கத்துவாள். அவர் போய்த் தொட்டுப் பார்த்தால் தளர்ந்துதான் இருக்கும்.

பத்தொன்பது வயதில் ராஜாங்கத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவன் ரேடியோ மெக்கானிக். பேருந்து நிலையத்திலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், ஒரு அரிசி ஆலையை ஒட்டி, அவன் கடை. முன்பக்கம் பழுது பார்க்கிற மேசை, பின்பக்கம் தடுப்பு போட்ட அறையில் ரெகார்டிங். ராஜாங்கம் அதிகம் பேசுகிறவன். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் பேசுவான். பேசிக்கொண்டேதான் கம்பிகளுக்கு ஈயப் பற்று வைப்பான். பின்னறை வேலையை ஒரே மாதத்தில் கொளஞ்சி எடுத்துக்கொண்டாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி மாமியார் வீட்டில் பேச்சு வந்தால், "கடை இருக்குதே, அதுவே பெரிய புள்ள" என்று ராஜாங்கம் பேச்சை மாற்றிவிடுவான்.

எண்பத்து நாலில் ஒரு நாள் பழைய ஸ்பூல் ரெகார்டரில் நாடா அறுந்தது. கொளஞ்சி ஒட்டும்போது, வெட்டிப்போட்டிருந்த ஒரு முழத் துண்டின் இரண்டு நுனியையும் தவறிச் சேர்த்து ஒட்டிவிட்டாள். வளையல் போல ஆகிவிட்டது. தூக்கிப் போடப் போனவளுக்கு என்ன தோன்றியதோ, அதை ரெகார்டரில் மாட்டி, மறுபக்கம் நழுவாமல் இருக்க ஓர் ஆணியில் நூல்கண்டைச் செருகி அதில் சுற்றிவிட்டாள். மோளம் ஒன்று நாலு அடி அடித்தது. மறுபடி அதே நாலு அடி. மறுபடி அதே. ராஜாங்கம் உள்ளே எட்டிப் பார்த்தபோது அவள் தடுப்பில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.

"இன்னா கொளஞ்சி, ரிப்பேரா?"

"இல்லீங்க. நல்லாத்தான் ஓடுது."

அதன்பிறகு அவள் சத்தம் சேர்க்க ஆரம்பித்தாள். பக்கத்து ஆலையின் பெல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பட்டென்று தட்டும், அதைப் பதிந்தாள். அப்பாவின் இன்ஜினைப் பதிந்தாள். கரும்புச் சாறு வண்டியின் சலங்கையைப் பதிந்தாள். ஒவ்வொன்றையும் ஒரு முழம், ஒன்றரை முழம் வெட்டி வளையமாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, கேசட்டில் ஒரு பக்கம் முழுக்க அரை மணி நேரம் ஓடவிட்டாள். சும்மாவும் ஓடவிட மாட்டாள். ஆம்ப்ளிஃபயரின் குமிழ்மேல் விரலை வைத்துக்கொண்டு, மயிரிழை மயிரிழையாகத் திருகிக்கொண்டே இருப்பாள். கேட்கிறவனுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆனால் பக்கம் முடியும்போது, தொடங்கியபோது கேட்ட சத்தம் அங்கே இருக்காது.

ராஜாங்கத்துக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டு மூன்று நாள் கேட்டுவிட்டுச் சொன்னான்: "எனக்கு இதுல ஒன்னும் புரியல கொளஞ்சி. ஆனா நீ நிறுத்தினா வூட்ல யாரோ எழுந்து போய்ட்ட மாதிரி இருக்குது." அதைவிடப் பெரிய பாராட்டை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை.

கேசட்டை வெளியே கொண்டுபோனது பூமாலை. கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறக்குகிற லாரி டிரைவர். ராஜாங்கத்தை அண்ணே என்பான், அவளை அண்ணி. வண்டி டேப்பைப் பழுது பார்க்க வந்தவன் பின்னறைச் சத்தத்தைக் கேட்டு நின்றுவிட்டான்.

"இது இன்னா பாட்டு அண்ணி?"

"பாட்டு இல்ல."

"அதான் கேக்குறேன். பாட்டே இல்லாம இவ்ளோ நேரம் இன்னாத்துக்கு நிக்க வைக்குது?"

ஒரு பிரதி கேட்டு வாங்கிப் போனான். மறுவாரம் வந்து, "கண்ணு அசரவே இல்ல அண்ணி. வண்டி தானா ஓடிக்கினு போவுது" என்று மூன்று பிரதி கேட்டான். உளுந்தூர்பேட்டை சந்திப்பில் சாப்பிட நிற்கிற டிரைவர்களுக்கு அவன் கையால் போனது. படம் ஒட்டிய அட்டை கிடையாது, பெயர் கிடையாது. எழுதாத வெள்ளை அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு எண். ஒன்று. பிறகு இரண்டு. ஒவ்வொரு எண்ணிலும் முப்பது நாற்பது பிரதிக்குமேல் அவள் போடவில்லை. பம்பாயில் யாரோ ஒருவன் மெஷின் வைத்துச் செய்கிறான் என்று சந்திப்பில் பேசிக்கொண்டார்களாம். பூமாலை அதைச் சொல்லிச் சிரித்தபோது கொளஞ்சிக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. யாருக்கும் தெரியாமல் இருப்பதே நல்லது என்று நினைத்தாள்.

நான்காம் எண்தான் அவளுக்கு மிகவும் பிடித்தது. வெள்ளிமலையில் பஞ்சாயத்து ரேடியோவைச் சரி செய்ய ராஜாங்கத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். பூமாலை லாரியில் இரண்டு பேரும் ஏறிப் போனார்கள். அங்கே ஒரு களத்தில் மூன்று பெண்கள் ஒரே உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று உலக்கை, ஒன்றோடு ஒன்று முட்டாமல் மாறி மாறி இறங்கியது. கொளஞ்சி பேட்டரி டேப்பை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இடிக்கிறத புடிச்சுக்கினு போய் இன்னா பண்ணுவ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"கேப்பேன்" என்றாள் கொளஞ்சி. மூவரும் சிரித்ததில் உலக்கை முட்டிக்கொண்டது. அந்தச் சிரிப்பை வெட்டி எறிந்துவிட்டு, உலக்கையை மட்டும் வைத்துக்கொண்டாள். குரல் எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. எண்பத்தேழு ஆவணிக்குள் ஆறு எண் வந்திருந்தது.

அந்த வருடம் செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. ஒரு வாரம் என்று அறிவித்திருந்தார்கள். முதல் நாளே புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே விழுந்தன. பேருந்து இல்லை, தபால் இல்லை. துப்பாக்கிச் சூடு என்றார்கள், குடிசைகள் எரிகின்றன என்றார்கள். எது எங்கே என்று சரியாகச் சொல்ல ஆள் இல்லை. ராஜாங்கம் கடையைப் பாதி திறந்து வைத்து, வருகிறவர்களிடம் சேதி கேட்டுக்கொண்டிருந்தான்.

பூமாலையின் லாரி நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டது. போலீஸ் சோதனை போட்டபோது சீட்டுக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டியில் கேசட்டுகள் இருந்தன. பெயர் இல்லை, வெறும் எண்கள். மறியல்காரர்களுக்குச் சேதி போகிறது என்று அவர்கள் நினைத்ததில் அதிசயமில்லை. போட்டுக் கேட்டால் இன்ஜின் சத்தம். அதற்குள் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் சந்தேகம் இன்னும் கூடியது. யார் கொடுத்தது என்று கேட்டார்கள். பூமாலை இரண்டு நாள் தாங்கினான். மூன்றாம் நாள் கடையின் பெயரைச் சொன்னான்.

பொழுது விடிந்ததும் வந்த ஜீப், மரங்களைச் சுற்றி வயல் வழியாக வந்ததால் சக்கரமெல்லாம் சேறாக இருந்தது. நாலு பேர் இறங்கினார்கள். ஒருவர் கேசட்டைக் காட்டி, "இத பண்ணது யாரு?" என்றார்.

கொளஞ்சி தடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். வாயைத் திறப்பதற்குள், "நாந்தாங்க" என்றான் ராஜாங்கம். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறவன் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டான். அவனை ஏற்றினார்கள். ரெகார்டர், மைக், ஆம்ப்ளிஃபயர், அலமாரியிலிருந்த ஸ்பூல்கள் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். ஜீப் போன பிறகுதான் அவளுக்குக் குரல் வந்தது. வந்து என்ன?

நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் வைத்திருக்கிறார்கள் என்று மத்தியானம் தெரிந்தது. கொளஞ்சி நடந்தாள். இருபத்தைந்து மைலுக்குக் குறையாது. விழுந்து கிடந்த மரங்களில் சிலவற்றின்மேல் ஏறி இறங்கினாள், சிலவற்றின் கீழ் தவழ்ந்தாள். தியாகதுருகம் தாண்டி ஒரு மரத்தருகே கம்போடு நின்றவர்கள் மறித்தார்கள்.

"எங்கம்மா போற?"

"வூட்டுக்காரர புடிச்சிக்கினு போய்ட்டாங்க."

அவர்கள் வழிவிட்டார்கள். ஒருவர் சொம்பில் தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்து மரத்தின்மேல் ஏற்றிவிட்டார். இன்னும் இரண்டு மைல் தாண்டி, சாலையோரம் ஒரு குடியிருப்பு எரிந்து கிடந்தது. சாம்பலில் ஒரு பெண் பாத்திரம் தேடிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்துவிட்டு மறுபடி சாம்பலைக் கிளறினாள். எலவனாசூர்கோட்டையில் ஒரு கோயில் மண்டபத்தில் படுத்து எழுந்து, மறுநாள் உச்சிப்பொழுதில் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"அந்த கேசட்ட நாந்தாங்க பண்ணேன். அவருக்கு ஒன்னும் தெரியாதுங்க. அவர வுட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தூசு படிந்த சேலை, வெடித்த கால். "புருஷன காப்பாத்த வந்திருக்கியா? போம்மா, வூட்டுக்குப் போ" என்றார். அவள் போகவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். சாயங்காலம் மறுபடி போய்ச் சொன்னாள். மறுநாள் காலையில் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள்.

வயர்லெஸ் பார்த்துக்கொண்டிருந்த சுப்புராயன் என்ற காவலர் மட்டும் சிரிக்கவில்லை. மரத்தடிக்கு வந்து, ஒரே சத்தம் எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டார். அவள் நாடாவை வளையமாக ஒட்டுவதிலிருந்து நூல்கண்டு வரைக்கும் சொன்னாள். அவர் உள்ளே போனார்.

"ஐயா, இந்தம்மா சொல்றதுல ஞாயம் இருக்குதுங்க. அந்த ஆளுக்கு இத எப்படி பண்ணதுன்னு ரெண்டு நாளா சொல்லத் தெரியல. ஒரு தடவ செஞ்சு காட்டட்டுமே."

ரெகார்டரை மேசையில் வைத்தார்கள். கொளஞ்சி ஒரு பிளேடும் செல்லோ டேப்பும் கேட்டாள். எதைப் பதிவது என்று பார்த்தாள். எழுத்தர் ஒரு மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். "ஐயா, அப்படியே அடிச்சுக்கினு இருங்க" என்று மைக்கைப் பக்கத்தில் வைத்தாள். நாடாவை நிறுத்தி, விரலால் முன்னும் பின்னும் நகர்த்தி இடம் பார்த்து, வெட்டி, ஒட்டி, மசிப்புட்டியில் வளையத்தைச் சுற்றி ஓடவிட்டாள். தட்டச்சின் ஏழெட்டு அடிகளும் வரி முடிகிற மணியும் சுற்றிச் சுற்றி வந்தன. குமிழைப் பிடித்தாள். பிடித்ததும் இருக்கிற இடம் அவளுக்கு மறந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் எழுத்தர் கையைத் தட்டச்சின்மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற பாரா காவலர் உள்ளே வந்து நின்றார்.

இன்ஸ்பெக்டர்தான் ரெகார்டரை நிறுத்தினார். "சரி. இதுக்கு இன்னா அர்த்தம்?"

"அர்த்தம் ஒன்னும் இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு பண்ற?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அந்த மசிப்புட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ராஜாங்கத்தைக் கூட்டி வரச் சொன்னார்.

அவன் நடந்துதான் வந்தான். முகத்தில் காயம்கூட இல்லை. கொளஞ்சி ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "போலாங்க, வுட்டுட்டாங்க" என்றாள். அவன் அவள் வாயைப் பார்த்தான். "இன்னா?" என்று கத்தினான். அவள் திரும்பச் சொன்னாள். மறுபடி வாயைத்தான் பார்த்தான். வலக்காதிலிருந்து கழுத்துவரை ஒரு கோடு காய்ந்து கிடந்தது.

மரத்தடியில் சுப்புராயன்தான் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஆறு கேசட்டையும் அவன் முன்னால் வைத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்க ஓடி, ஒரு வார்த்தையும் வராமல் டக்கென்று நின்றால், காதைச் சேர்த்து ஓர் அறை. பிறகு மறுபக்கம். அப்படிப் பன்னிரண்டு பக்கம்.

சாமான்களைக் கேட்டபோது ரெகார்டரும் ஆம்ப்ளிஃபயரும் வந்தன. ஸ்பூல்கள் வரவில்லை. எடுத்ததாக எழுத்தில் இல்லை என்றார்கள். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

புதுச்சேரிவரை போய் வைத்தியம் பார்த்தார்கள். வலது காது போனது போனதுதான், இடது காதில் பக்கத்தில் வெடி வெடித்தால் கேட்கும், அவ்வளவுதான் என்றார் டாக்டர். ராஜாங்கம் அழவில்லை. ஊருக்கு வந்ததும், "நீ பண்ணு கொளஞ்சி. உன் கைய பாத்துக்கினு உக்காந்திருக்கேன்" என்றான். அவனுக்காக ஒருமுறை நாடாவை வெட்டி ஒட்டினாள். ஓடவிட்டாள். ஓர் அடி, அப்புறம் ஓர் அடி, அப்புறம் ஓர் அடி. மூன்றாவது சுற்றுக்குள் நாடாவைப் பிடுங்கிக் கசக்கிவிட்டாள். எந்த ஒன்று அவளுக்குச் சின்ன வயசிலிருந்து ஆறுதலாக இருந்ததோ, அது இப்போது அறைகளை எண்ண மட்டுமே வைத்தது. ஒரு பக்கத்திலாவது ஒரு பாட்டு வைத்திருந்தால், யாராவது ஒருத்தி பேசுகிற குரலாவது இருந்திருந்தால், ஓர் அறை குறைந்திருக்குமே என்ற நினைப்பு அவளை விட்டுப் போகவே இல்லை.

கடை திரும்ப ஓடியது. அவன் பற்று வைப்பான், அவள் ரேடியோவைக் காதில் வைத்துப் பார்த்துச் சரியா இல்லையா என்று விரலைக் காட்டுவாள். அவன் பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. தன் குரல் தனக்கே கேட்காதவன் எவ்வளவு காலம் பேசுவான்? கத்துகிறோமோ என்று பயந்து மெதுவாகப் பேச ஆரம்பித்து, அதுவும் அடுத்தவருக்குக் கேட்காமல் போய், கடைசியில் அவசியத்துக்கு மட்டும் என்றாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் அவளிடம் பேசிவிட்டுப் போனார்கள்.

எண்பத்தொன்பதில் இட ஒதுக்கீட்டு ஆணை வந்தது. பேருந்து நிலையத்தில் வெடி போட்டார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் கடை வாசலில் பூமாலை வந்து நின்றான். ஒன்றரை வருடமாக அந்தத் தெருப்பக்கமே வராதவன். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தான். ராஜாங்கம் அவனைப் பார்த்ததும் மலர்ந்து எழுந்தான். தன் கடையைப் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தது யார் என்று ராஜாங்கத்துக்கு அன்றுவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை.

பூமாலை உள்ளே வந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, உன் பேர நாந்தான் சொன்னேன். அடி தாங்கல அண்ணே. நீ கடையில இருப்பன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். என்ன செருப்பால அடி அண்ணே."

ராஜாங்கம் பதறிப்போய் அவனைத் தூக்கப் பார்த்தான். பூமாலை எழவில்லை, திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதான். ராஜாங்கம் மனைவியைப் பார்த்தான். "இன்னா சொல்றான்?" என்றான். நெடுநாளைக்குப் பிறகு அவன் உரக்கப் பேசியது அன்றுதான்.

கொளஞ்சி ஓர் அட்டையை எடுத்தாள். பேனாவைத் திறந்து கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பூமாலை அழுகையை அடக்கிக்கொண்டு அவள் கையையே பார்த்தான். அவள் எழுதி நீட்டினாள்: "அவன் அம்மா செத்துட்டாங்களாம்."

ராஜாங்கத்தின் முகம் வாடியது. பூமாலையின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். "எனக்கு ஏண்டா சொல்லி அனுப்பல? நான் வந்திருப்பேனே" என்றான். பூமாலை அட்டையை எட்டிப் பார்த்துப் படித்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். பூமாலை வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, அந்த வயிற்றில் முகம் புதைத்து, அம்மாவுக்காக அழுகிறவனைப் போலவே அழுதான். அவன் அம்மா அப்போது ஊரில் உயிரோடுதான் இருந்தாள்.

ராஜாங்கம் தொண்ணூற்றாறில் மஞ்சள் காமாலையில் இறந்தான். கேதத்துக்கு வந்த பூமாலை கொளஞ்சியிடம், "அன்னிக்கு நீ மாத்தி எழுதிட்ட அண்ணி. நான் சொல்ல வந்தது எங்கிட்டயே தங்கிப்போச்சு" என்றான். தவறு செய்துவிட்டோமோ என்று அவளுக்கும் இருந்தது. அவன் கிளம்பும்போது, "சாப்ட்டுட்டு போ" என்றாள். அவன் இலையில் உட்கார்ந்தான். அவள் பரிமாறினாள்.